இணைப்பில் இருக்கிறார் சூசைதாஸ்

போன கிழமை ஒரு சேர்வர் கணினியை நிறுத்தி, திரும்பவும் எழுப்பினேன். எங்கள் தொழிலில் இது தேநீர் போடுவது மாதிரி ஒரு வேலை. இந்த முறை கை ஓடவில்லை...

நடந்ததைச் சொல்கிறேன்.

தாழ்வுபாடு என்ற கடலோர ஊரில் மீன்பிடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதன் கந்தோர் மூலையில் ஒரு சேர்வர். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு போன் உண்டு. அது சேர்வரோடு இணைந்து, வள்ளம் நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் தங்கள் போனில் பார்க்கலாம். இணைப்பு இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. யாரோ புண்ணியவான்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள்.

இது வரமுதல் வழக்கம் வேறு. ஒரு வள்ளம் பிந்தினால் அந்த வீட்டுப் பெண்கள் கரைக்குப் போய் நிற்பார்கள். அவர்கள் நிற்பதைக் கண்டாலே போதும் — யாரும் கேட்காமலே மற்ற வள்ளங்கள் தேடி இறங்கும். பச்சை விளக்கு வந்தபிறகு யார் கரைக்குப் போனார்கள்? விளக்கு எரிகிறது, ஆள் இருக்கிறார், அடுப்படி வேலையைப் பார்ப்போம்...

சங்கத்து மீனவர் சூசைதாஸ் திரும்பி வராத அன்றும் அப்படித்தான். சோழகக் காற்று எழும்பியிருந்தது. மற்ற வள்ளங்கள் காலையிலேயே திரும்பிவிட்டன. அவருடைய மனைவி ஜெசிந்தா போனைப் பார்த்தார். பச்சை. மத்தியானம் வரைக்கும் பச்சை. பிறகு மனம் கேட்காமல் கந்தோருக்கு வந்தார்.

"அண்ணை, பச்சை எரியுது. ஆனா ஆளைக் காணேல்லை. ஒருக்காப் பாருங்கோவன்."

சேர்வரில் ஒரு கட்டளை அடித்தால், யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ஒரு வரிக்கு ஓர் இணைப்பு. இந்தப் பக்கத்து முகவரி, அந்தப் பக்கத்து முகவரி, இணைப்பின் நிலைமை. சூசைதாஸின் வரியில் 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று இருந்தது. இணைப்பு உறுதியாக இருக்கிறதாம்.

"இருக்கிறார் எண்டுதானே போட்டிருக்கு?" என்றார் ஜெசிந்தா.

வாசகர்களே, இந்தச் சொல்லைப் போல ஒரு பொய்யை நான் கண்டதில்லை. ஆள் இருக்கிறார் என்று அது சொல்லவே இல்லை. 'போய்வருகிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை' — அவ்வளவுதான் அர்த்தம். அந்தப் பக்கம் முறையாக விடைபெற்றால்தான் சேர்வர் வரியை அழிக்கும். போன் திடீரென்று தண்ணீருக்குள் போனால் விடைபெற நேரமேது? சேர்வர் தானாகக் கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் மென்பொருளோ கேட்பதே இல்லை. வருவதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போன வள்ளங்களுக்கும் பச்சைதான் எரிந்திருக்கிறது. அவர்கள் திரும்பி வந்துவிட்டதால் யாரும் சந்தேகப்படவில்லை.

கட்டளையைக் கொஞ்சம் நீட்டி அடித்தால், அந்தப் பக்கத்திலிருந்து கடைசியாகத் தகவல் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும். அடித்தேன். விடியமுதலே தகவல் எல்லாம் நின்றிருந்தது.

"என்ன அண்ணை?"

"பிள்ளை, ஓடிப்போய் வள்ளங்களை இறக்கச் சொல்லுங்கோ. நான் நேவிக்கு அறிவிக்கிறன்."

வள்ளம் கிடைத்தது, கவிழ்ந்தபடி. ஆள் கிடைக்கவில்லை.

காலையிலேயே தேடியிருந்தால்? யாருக்குத் தெரியும். நாமும்தான் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்து நிம்மதியாகப் படுக்கிறோம். போன் எடுத்து, 'எப்படியடா இருக்கிறாய்' என்று கேட்கிறோமா?

இறந்தவருக்கான ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுப்போம் என்று ஜெசிந்தாவின் தமையன்மார் கேட்டுக் களைத்துப்போனார்கள். அவர் சம்மதிக்கவில்லை. கந்தோருக்கு வருவார், பக்கத்துக் கதிரையில் இருந்து பட்டியலைக் காட்டச் சொல்வார். அந்த வரி அப்படியே இருக்கும். பார்த்துவிட்டுப் போவார்.

இதற்கிடையில் மென்பொருளைத் திருத்தினோம். இனி சேர்வர் இடைக்கிடை ஒவ்வொரு வள்ளத்தையும் கூப்பிட்டுக் கேட்கும். பதில் இல்லையென்றால் சிவப்பு. ஆனால் திருத்தியதைப் போடுவதற்குச் சேர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டும். அப்போது எல்லா வரிகளும் அழியும். கடலில் இருக்கிற வள்ளங்கள் தாங்களாகவே திரும்ப இணைந்துகொள்ளும். சூசைதாஸ்...?

சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. அவர் வந்தபோது சொன்னேன்.

"அவர் தன்ர பக்கத்தால மூடேல்லையே அண்ணை. நாங்கள் ஏன் மூடவேணும்?"

தொழில் தெரிந்தவன் என்று பெயர். அழுகைதான் வந்தது.

ஜெசிந்தா திரையில் மற்ற வள்ளங்களின் வரிகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இண்டைக்கும் கடலுக்குப் போயிருக்கினம், என்ன?"

"ஓம் பிள்ளை."

"அப்ப செய்யுங்கோ. அவையின்ர பெண்டுகளும் பச்சையைத்தானே பாத்துக்கொண்டிருக்கினம்."

செய்தேன். பட்டியல் வெறுமையாயிற்று. கொஞ்சம் பொறுத்து ஒரு வரி வந்தது. இன்னொன்று. பிறகு ஒவ்வொன்றாக, கடலில் நின்ற வள்ளமெல்லாம் பட்டியலில் வந்து சேர்ந்தன. ஜெசிந்தா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"காணும் அண்ணை, இனிப் பாக்கத் தேவையில்லை. பாதரிட்டைப் போறன்... பூசைக்குச் சொல்லவேணும்."

அவர் போனபிறகு, எல்லாம் தெரிந்த நான், பட்டியல் காட்டும் அந்தக் கட்டளையை இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன்.