மாலை போட்ட மூன்றாம் நாள்

முதலில் நடுங்கியவை விரல்கள்தான். தைப்பூசக் காவடிக்கு நான் மாலை போட்டு மூன்றாம் நாள். சிராங்கூன் சாலைப் பக்கம் தேக்காவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி அறையில் பூசை நடந்துகொண்டிருந்தது. உறுமி மேளச் சத்தம் ஏற ஏற, என் கையிலிருந்த பால் தம்ளர் தளும்பியது. அதன் பிறகு நினைவில்லை.

கண் விழித்தபோது மார்பெல்லாம் திருநீறு. வாயில் ரத்தம். கீழறையில் குடியிருக்கும் பாக்கியம் அக்கா கற்பூரத் தட்டை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கப்பலுக்குப் போன என் மவன் எப்ப வருவான்? சொல்லு சாமி" என்றார்.

நான் நாலு பேர் முன்னால் பேசக் கூசுபவன். கண்ணை மூடிக்கொண்டேன். அதையும் நல்ல உத்தரவென்று எடுத்துக்கொண்டார்கள்.

துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குவது என் வேலை. சம்சு (மலிவான அரிசிச் சாராயம்) உள்ளே போகாமல் காலையில் கை நடுக்கம் நிற்காது. ஆனாலும் வருடந்தோறும் மாலை போட்டால் தொடமாட்டேன். காவடி இறக்கி மாலையைக் கழற்றிய அன்றே மறுபடி தொடங்குவேன். நினைத்தால் என்னால் நிறுத்த முடியும் என்பதற்கு அதையே சாட்சியாக வைத்திருந்தேன். இதைப் படிக்கும் உங்களிடமும் அப்படி ஒரு சாட்சி இருக்கலாம்.

மறுநாள் கிடங்கில் மறுபடி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படுக்கைக்கு எதிர்ச் சுவரில் எறும்புகள் சாரை சாரையாக ஏறின. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரில் ஒன்றுமே இல்லை.

வார்டு டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் மனைவி ராசம்மா அவரிடம், "இவருக்குச் சாமி வந்திச்சுங்க" என்றாள்.

"சாமியில்லை அம்மா. வலிப்பு" என்றார் அவர். வலிப்பு (உடம்பு தன் வசமில்லாமல் வெட்டி இழுப்பது) நெடுநாள் குடித்தவனுக்குக் குடி திடீரென்று நின்றாலும் வருமாம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நிப்பாட்ட நினைச்சது சரி. ஒருத்தருக்கும் சொல்லாமல் நிப்பாட்டினதுதான் பிழை. திரும்பக் குடிச்சு, திரும்ப இப்படி நிப்பாட்டினீரெண்டால், எழும்ப மாட்டீர்."

வீட்டுக்கு அனுப்பும்போது, குடியை விட்டவர்கள் சிலர் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் இடம் ஒன்றைச் சொன்னார். ஒரு மாதா கோயிலின் பின்கட்டு.

மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் வாசலில் நுழையாமல் தாண்டிப் போய், திரும்பி வந்து, மரத்தடியில் நின்றேன். உள்ளேயிருந்து தொப்பி போட்ட ஒருவர் வந்தார். காதர் பாய், துணி வியாபாரி.

"உள்ளே வாங்கண்ணே. யாராச்சும் கேட்டா துணி எடுக்க வந்தேன்னு சொல்லுங்க. இந்தப் பக்கம் துணிக்கடையே கிடையாது, அது வேற விஷயம்."

உள்ளே பேச்செல்லாம் இங்கிலீஷ். நான் தமிழ்ப் பள்ளியில் அஞ்சாவதோடு நின்றவன். பாய் எனக்காக மாற்றி மாற்றிச் சொன்னார். என் முறை வந்தபோது, சாமி வந்ததென்று என்னிடம் குறி கேட்ட கதையை மட்டும் தரையைப் பார்த்தபடி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் மெல்ல ஏதோ சொன்னார்.

"அவருக்கும் வந்துச்சாம்" என்றார் பாய். "அவங்க ஊர்ல பேய் பிடிச்சிருச்சுன்னு சொன்னாங்களாம். உங்களுக்காவது சாமி. குடுத்து வச்சவரு."

அன்று சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. மழைக்காலம் தொடங்கியபோது அந்த வெள்ளைக்காரர் வருவது நின்றது. அவருடைய நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. பிறகொரு நாள் பாய் என்னை ஓரமாக அழைத்தார்.

"மறுபடி தொட்டிருக்காருண்ணே. வெக்கப்பட்டு இங்க சொல்லல. தானே விட்டுர்றேன்னு அறையைச் சாத்திக்கிட்டு இருந்திருக்காரு. வாடைய வச்சுத்தான் கதவ ஒடைச்சிருக்காங்க."

டாக்டர் என்னிடம் சொன்னது அவருக்கு நடந்துவிட்டது.

அடுத்த தை வந்தது. ராசம்மா மாலையைத் துடைத்துச் சாமி படத்தின் முன் வைத்திருந்தாள். பாக்கியம் அக்காவின் மகன் இடையில் ஊர் திரும்பியிருந்தான். நான் கண் மூடியது பலித்துவிட்டதென்று, இந்த வருடம் அடுத்த தெருவிலிருந்தும் குறி கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நான் மாலை போடல" என்றேன்.

"வர்றவங்களுக்கு என்ன சொல்றது?"

"வந்தது வலிப்புன்னு சொல்லு. குடியால வந்ததுன்னும் சொல்லு."

அவள் மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் பிறகு. "சாமி வந்தவரு நாக்கைக் கடிச்சு ரத்தமாத் துப்புவாரா? ஆனா, நம்மள அதுக்கு முன்னால யாருங்க கும்பிட்டா?"

வந்தவர்களிடம் அவளே சொன்னாள். பாக்கியம் அக்கா நம்பவில்லை. சாமி என்னை விட்டுப் போய்விட்டது என்று இன்றுவரை சொல்லி வருகிறார்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஓரத்தில், காவடி எடுப்பவர்களின் காலில் ஊற்றத் தண்ணீர்க் குடத்துடன் இருவரும் நின்றோம். முன்பெல்லாம் மாலை போடும் நாள், கழற்றும் நாள் என்று என் காலத்துக்கு இரண்டு கரைகள் இருந்தன. இப்போது கழற்றும் நாள் இல்லை. அது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

உறுமி நெருங்கி வந்தது. என் சுண்டுவிரல் துடித்தது. மறைக்காமல் கையைத் தூக்கி ராசம்மாவிடம் காட்டினேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் எங்களைக் கடந்து போகும்வரை விடவில்லை.