சிவப்புத் துணி கட்டிய கொம்புகள்

இன்று காலை மழை விட்டதும் என் மகன் குடியிருப்புக்குப் பின்னால் மண்ணைத் தோண்டி, வெளுத்த நத்தை ஓடு ஒன்றை எடுத்து வந்து நீட்டினான். அதன் சேற்று வாசனை, ஒரகடம் பக்கம் எங்கள் ஊரில் இப்போது இல்லாத ஏரியின் வாசனை.

சிறு வயதில் அந்த ஏரியின் ஆழம் எங்கள் கால்களுக்குத் தெரியும்: அரச மரத்துக்கு நேரே முழங்கால், மதகுப் பக்கம் இடுப்பு. கம்பெனி நிலங்களை மேடாக்க ஏரி மண்ணை அள்ளத் தொடங்கிய பிறகு, பொக்லைன் உறுமலும் லாரிகளின் ஹாரனும் நாள் முழுக்கக் கேட்க, எங்கே ஆழம் என்று யாருக்கும் தெரியாமல் போனது. பொக்லைன் ஓட்டியது அப்பா. மழைக்காலம் நெருங்கியதும், தான் வெட்டிய பள்ளங்களின் ஓரமெல்லாம் சவுக்குக் கொம்பு நட்டு, அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டுவார்.

“இன்னாண்ணா, நோண்டறதும் நீ, கொடி கட்றதும் நீயா?” என்று லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

அப்பா சிரிக்கமாட்டார். “கொம்பத் தாண்டிப் போவாத கண்ணு. பள்ளம் எங்க கீதுன்னு எனக்குத்தான் தெரியும்,” என்பார் என்னிடம்.

ஏரி நிரம்பியபோது கொம்புகளும் மூழ்கின. அதன்பின் நான் பள்ளிவிட்டு ஏரிக்கரை வழியே வரும்வரை அப்பா கரையிலேயே நின்றிருப்பார்.

எங்கள் குடியிருப்பும் ஏதோ ஓர் ஏரியின் மண்மேல்தான் நிற்கிறது போலும். மகன் தோண்டிய குழி அவன் கணுக்காலுக்குக்கூட வராது; மூடலாமென்றால் அழுகிறான். குழிவரை போய், அதிகம் பயப்படுகிறேனோ என்று இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் முறை, துப்பட்டாவின் சிவப்பு ஓரத்தைக் கிழித்து, ஒரு குச்சியில் கட்டி, குழியோரம் நட்டேன்.