நீல டிரம்மில் ஒரு முளைப்பாரி

சாயப்பட்டறையில் கழித்துப் போட்ட சின்ன நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் அடிப்பாதி அது. ரம்பம் கிடைக்காமல் அரிவாளை அடுப்பில் சுட்டு அறுத்ததால் வாய் கோணல்மாணலாக இருக்கும். கையைக் கிழிக்காமலிருக்க விளிம்பைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் துணியை வைத்துத் தைத்திருக்கும். அதில்தான் என் அத்தை முளைப்பாரி போட்டாள். மண்சட்டியில் போடவேண்டிய சாமி காரியத்தைப் பிளாஸ்டிக்கில் போட்டவள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சொன்ன வாய் எதுவும் எங்களுக்குச் சோறு போடவில்லை.

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. தொண்ணூறுகளின் கடைசியில் மழை அடுத்தடுத்து ஏமாற்றியது. கடலை போட்டால் விதைக் கடலைகூடத் திரும்பவில்லை. அப்பாவின் தங்கையான அத்தை, மாமாவை இழுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்பினாள். படிப்பு நின்று வீட்டிலிருந்த என்னையும் கூட்டிக்கொண்டாள். பாத்திர மூட்டையோடு ஓர் உரச் சாக்கில் தன் காட்டு மண்ணையும் கட்டியிருந்தாள். "எதுக்குத்தே இம்புட்டு மண்ணு?" என்றேன். "கெடக்கட்டும்டி. அது என்ன உங்கிட்ட சோறா கேக்குது?" என்றாள்.

திருப்பூரில் ஒற்றை அறை லைன் வீடு. மாமாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அத்தை பனியன் கம்பெனியில் செக்கிங். நான் கைமடி, அதாவது டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்து நீட்டுகிறவள். கால் கடுத்துப்போகும், ஆனால் சனிக்கிழமை சம்பளம் என் கையில் விழுந்தது. அதற்கு முன்னால் என் கையில் எதுவும் விழுந்ததில்லை. ஊரில் எங்களைப் பற்றிப் பேசிய பேச்சைக் காதால் கேட்க முடியாது. எல்லாரையும்விட நாட்டாமைக்குத்தான் எரிச்சல். ஊரில் போர் போட்டுத் தண்ணீர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நாலு குடும்பம் வெளியே போனால் அவர் தோட்டத்துக் களையை யார் எடுப்பது?

பங்குனியில் திருவிழாவுக்குச் சாமி சாட்டியபோது அப்பா போன் செய்தார். அடுப்பெரியாத வீட்டுக்கு இனி முளைப்பாரி கிடையாது என்று நாட்டாமை கோயிலில் வைத்துச் சொல்லிவிட்டாராம். வெளியூர் வாசகர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் ஊரில் முளைப்பாரி எடுக்காத வீடு ஊரோடு சேர்ந்த வீடு இல்லை. நல்லது கெட்டதுக்கு யாரும் வாசலை மிதிக்க மாட்டார்கள். செத்தால் தூக்க ஆள் வராது. போனை வைத்த அத்தை கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மாமாவிடம், "பட்டறையில ஒடஞ்ச டிரம்மு கெடந்தா எடுத்துட்டு வாங்க" என்றாள்.

கட்டிலுக்கடியில், வெளிச்சம் படாமல், அந்த உரச் சாக்கு மண்ணில் கம்பும் சோளமும் தட்டாம்பயறும் போட்டாள். கவுச்சியை நிறுத்தினாள். ஓவர்டைம் முடித்து வந்தாலும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பாள். ஆனால் முதல் தடவை முளைத்ததெல்லாம் கருகிப்போனது. சாயத்தண்ணீர் இறங்கிய ஊர். லைன் வீட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றியதுதான் தப்பு. அபசகுனம் என்று மாமா பயந்தார். "சகுனமுமில்ல ஒண்ணுமில்ல, உப்புத் தண்ணி" என்று அத்தை மேல்மண்ணை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி விதைத்தாள். இந்த முறை குழாயில் எப்போதாவது வருகிற குடிதண்ணீரை ஊற்றினாள். அந்த நாட்களில் நாங்கள் நாக்கை நனைக்கத்தான் குடித்தோம், பயிர் வயிறு நிறையக் குடித்தது.

முளைப்பாரியைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தாராபுரம் தாண்டி, "ஏனுங்க்கா, அதென்னங்க மூடி வெச்சிருக்கறீங்க? லக்கேஜ் போடோணுங்களே" என்றார் கண்டக்டர். "சாமி தம்பி" என்றாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். திண்டுக்கல்லில் இறங்கி டவுன் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்வதற்குள் அவள் தொடை மரத்துப்போயிருந்தது. கீழே மட்டும் வைக்கவில்லை.

கோயில் திடலில் பெண்கள் வரிசை கட்டியிருந்தார்கள். தலையில் நீல டிரம்மோடு அத்தை போய் நின்றதும் கொட்டு நின்றுவிட்டது. நாட்டாமை முன்னால் வந்தார்.

"ஏத்தா, இது எந்த ஊரு முளைப்பாரி?"

"எங்காட்டு மண்ணுண்ணே. வேணும்னா மோந்து பாருங்க."

"அடுப்பெரியாத வீட்டுக்குக் கெடையாதுன்னு சொல்லி விட்டேன்ல?"

"மழையக் கொண்டாங்க, இன்னைக்கே அடுப்பப் பத்த வைக்கிறேன். மழை பொய்ச்சப்ப மேகத்தக் கேட்டீகளா? என்னய மட்டும் கேக்க வாரீக. பொழைக்கத்தாண்ணே போனேன். ஓடிப் போகல."

சொல்லிவிட்டு அவர் முகத்துக்கு நேரே குலவை போட்டாள். எங்கள் பக்கம் சாமி முன்னால் ஒருத்தி குலவை எடுத்தால் கூட நிற்பவர்கள் சேர்ந்தே ஆக வேண்டும்; ஒற்றைக் குலவை ஊருக்கு ஆகாது. பெண்கள் நாட்டாமையின் முகத்தைப் பார்த்தார்கள். முதலில் கூடச் சேர்ந்து குலவை போட்டது, நம்பினால் நம்புங்கள், நாட்டாமையின் பெண்டாட்டி. அப்புறம் திடலே அதிர்ந்தது. அந்தம்மா தன் முளைப்பாரியைச் சற்று ஒதுக்கி, "இங்கிட்டு வாத்தா" என்றாள். நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அதற்குப் பிறகு ஊரில் பாதி வீடு பூட்டு. வருஷா வருஷம் திருப்பூர் பஸ்ஸில் மடிக்கு மடி முளைப்பாரி வந்தது. கேட்க ஆளில்லை.

அத்தை இன்னமும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறாள். போன ஆவணியில் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அங்கே பாதிப்பேர் வடக்கத்திப் பிள்ளைகள். பக்கத்து அறை ஜார்க்கண்ட் பெண் வாசலில் நின்று, அரைத் தமிழிலும் கையாலும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரிலும் இருட்டில் தானியம் முளைக்கவைத்து, சுற்றி நின்று பாடுகிற சாமி உண்டாம். முளை போட ஒரு சட்டி வேண்டுமாம். அத்தை கட்டிலுக்கடியில் குனிந்து நீல டிரம்மை இழுத்தாள்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. நாட்டாமையின் மகன்தான், அவனும் திருப்பூர் வந்து வருஷமாகிறது. "என்னத்தே, நம்ம சாமி சட்டியப் போயி இவளுகளுக்குக் குடுக்குற? எந்த ஊரோ என்னமோ."

அத்தை நிமிரவேயில்லை. "ஏலே, உங்கய்யா கேட்டதையேதான கேக்குற. அவளும் பொழைக்கத்தான் வந்திருக்கா. ஓடி வரல."

அவன் உள்ளே போய்விட்டான். அத்தை டிரம்மை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, போர்க் குழாயைக் காட்டி, "அந்தத் தண்ணி வேணாம் புள்ள, கருகிப் போகும்" என்றாள். பிறகு தன் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.