சர்க்கார் பால்

குழந்தை அழ வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு சர்க்கார் பிரசவ விடுதியில் நான் மிட்வைஃபாக இருந்தேன். எங்கள் ஊர்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தன. குழந்தையைத் தூக்கி வந்தவள் தங்கம், பனையேறியின் மனைவி. பகல் முழுக்க அடுப்படியில் கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சுகிறவள். நான்கு மாதம் முன்பு அவளுக்குப் பிரசவம் பார்த்ததும் நான்தான். நல்ல எடையோடு பிறந்தவன் இப்போது பேதியில் வற்றி, தொடைத்தோல் சுருங்கிக் கிடந்தான்.

"தாய்ப்பால் கொடுக்கியா மக்கா?"

"இல்ல நர்சம்மா. நீங்க தந்த பால் பவுடரத்தான் கலக்கிக் கொடுக்கேன்."

அந்தப் பவுடர் சர்க்காரிலிருந்து டிரம்மில் வரும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் குடிக்க வாரந்தோறும் கொடுப்போம்.

"அது உனக்குள்ளதாக்கும். நீயில்லியா குடிக்கணும்?"

"எனக்கு என்னத்துக்கு? என் பாலு கஞ்சியும் மரச்சீனிக் கெழங்கும் தின்னு ஊறுத பாலு. இது சர்க்காரு பாலு. பிள்ளைக்கு நல்லதக் கொடுக்கண்டாமா?"

அவள் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. பவுடர் வாரம் முழுக்க வரவேண்டுமே என்று குளத்துத் தண்ணீரை ஊற்றி நீர்க்கக் கரைத்திருக்கிறாள். டாக்டர் பேதிக்கு மருந்து கொடுத்துவிட்டு, "திரும்பத் தாய்ப்பாலுக்குக் கொண்டு வாங்க. இல்லேன்னா பிள்ள நிக்காது" என்றார்.

அவளுக்கோ பால் ஏறக்குறைய வற்றியிருந்தது. தினமும் காலையில் வரச் சொன்னேன். பவுடரைக் கொதித்த தண்ணீரில் கலக்கி, என் கண் முன்னால் குடிக்க வைத்தேன். பிறகு பிள்ளையை மார்பில் போடுவாள். அவன் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் அழுவாள். அவனுக்குப் பாலாடைச் சங்கில் அதே பாலைக் கொஞ்சம் புகட்டிவிட்டு மறுபடி போடச் சொல்வேன்.

அவள் புருஷன் கோபமாக வந்தான். "பிள்ளைக்குள்ள பால இவ குடிக்கா. அவன் பட்டினி கெடக்கான். இதென்ன ஞாயம்?"

"இவ வயிறு நெறஞ்சாத்தான் அவனுக்குப் பால் ஊறும். நீரு கொஞ்ச நாளு இவள அடுப்புல இருந்து எழுப்பி விடும்."

மறுநாள் முதல், பனையிலிருந்து இறங்கியதும் பதநீரை அவனே காய்ச்சினான் என்று தங்கம் சொன்னாள்.

ஒரு நாள் காலை பிள்ளை முகத்தைத் திருப்பவில்லை.

"முழுங்குதான் நர்சம்மா! சத்தம் கேக்கா?"

கேட்டது.

அவன் பிழைத்தான். அடுத்துப் பிறந்த பெண்ணுக்குத் தங்கம் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை, தண்ணீர்கூட. நான் மாற்றலாகிப் போகும்போது இரண்டு பேரையும் கூட்டி வந்தாள். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டு வயது இளைய தங்கை அண்ணன் உயரம் இருந்தாள்.

"இவன் இனி வளருவானா நர்சம்மா?"

"வளருவான் மக்கா. ஆனா…" என்றேன். அவள் புரிந்துகொண்டு அவன் தலையைத் தடவினாள்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்: தாய் தன் பாலை மட்டமாக நினைக்கிறாளா என்று பிரசவ அறையிலேயே கேட்டுவிடுங்கள். இளைத்த பிள்ளைக்கு எடையைப் பின்னால் ஏற்றிவிடலாம். உயரம் காத்திருப்பதில்லை.