வண்டிக்குக் கட்டுப் போட்ட கதை

ஐந்தாம் வகுப்பில் பாதி வரைக்கும் படித்தவன் நான். மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று இன்றைக்கு வரை தெரியாது. அது இல்லாமலே நான் உண்டாக்கியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ராஜபாளையத்துக்கு வெளியே வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் ஒரு தறிக்கூடம். பழைய இரும்புக்குப் போக இருந்த தறிகளை வாங்கி, நானே பிரித்து, நானே மாட்டி, ஓடவைத்தேன். கரண்டு வராது என்றார்கள், வந்தது. ரோடு வராது என்றார்கள், என் துணி பண்டல் போன தடத்தின் மேல்தான் பிறகு ரோடே போட்டார்கள். இவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். அந்த வீட்டுப் பெண்தான் இப்போது உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள். தறியில் நான் நெய்வது பேண்டேஜ் துணி. உங்களுக்கு எப்போதாவது அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தால், அது என் துணியாகக்கூட இருந்திருக்கலாம். நன்றி சொல்ல வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு இன்னொன்றும் செய்தேன். ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறவனுக்குக் கை மரத்துப் போகாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மற்றதையெல்லாம் ஊர் ஒப்புக்கொண்டது. இதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஷோரூமுக்குப் போனது ஸ்கூட்டர் வாங்கத்தான். உள்ளே நுழைந்ததும் சிவப்பு நிறத்தில் ஒரு பைக் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, பாயப் போகிற காளை மாதிரி நின்றது. செத்த நேரம் பார்த்தேன். அங்கே வேலை பார்க்கிற பையன் ஓடிவந்து, "தாத்தா, உங்களுக்குள்ளது அந்தப் பக்கம் இருக்கு" என்றான். எந்தப் பக்கம் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு வண்டிக்குப் பில் போடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பின் சீட்டைக் காட்டி, "இதுல யாரு உக்காரணும்? காக்காவா?" என்றாள்.

"நீதான்."

"நான் பஸ்ல வாரேன்."

அவளுடைய தம்பி, என் மச்சினன், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுந்தரபாண்டியத்தில் கொஞ்சம் தோட்டம் வைத்துப் பார்க்கிறார். உலகத்தில் சக்கரம் வைத்தது எல்லாமே அவர் இலாகா என்ற நினைப்பு. வண்டியைக் கேள்விப்பட்டு வந்தார், உட்கார்ந்து பார்த்தார், இறங்க மனமில்லாமல் இறங்கினார்.

"அத்தான், இது இளவட்டம் ஓட்டுத வண்டி. உங்களுக்குத் தோதுப்படாது. என்கிட்ட குடுத்திருங்க, என் ஸ்கூட்டர நீங்க வச்சுக்கிடுங்க."

"ஏலே மாப்ள, பஸ்ஸை ஓட்டுனவன் நீ, பாதையையே ஓட்டுனவன் நான்" என்றேன். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் சொல்லும்போது கம்பீரமாக இருந்தது.

பிறகு பேச்சு வளர்ந்து, பந்தயத்தில் வந்து நின்றது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாங்கள் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்கு (தீபம் ஏற்றுகிற ஊர் இல்லை, இது வேறு) போய் மலைப் பெருமாளைச் சேவிப்பது வழக்கம். அந்த மாதம் பூராவும் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் இந்த வண்டியிலேயே நான் வர வேண்டும். ஒரு வாரம் பஸ்ஸில் வந்தாலும் சரி, நடுவழியில் வேறு ஆள் கையில் ஹேண்டிலைக் கொடுத்தாலும் சரி, சாவி மச்சினனுக்கு. கடைசிச் சனிக்கிழமை வரை வந்துவிட்டால் வண்டியைப் பற்றி அவர் மூச்சு விடக்கூடாது.

முதல் சனிக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் காசி இல்லை. ஆனால் அந்த ஊர் எல்லையில் மடவார்வளாகம் வருவதற்குள் என் உள்ளங்கையில் எறும்பு ஊற ஆரம்பித்தது. ஹேண்டிலில் ஒரு அதிர்வு, அரைத்துக்கொண்டிருக்கிற மிக்ஸியைக் கையில் பிடித்த மாதிரி. மலை அடிவாரத்தில் இறங்கியபோது கை இரண்டும் இருந்தன, ஆனால் என்னுடையவை அல்ல. செருப்பைக் கழற்றியது காலால். தேங்காய்ப் பழத்தட்டை மனைவி வாங்கிக்கொண்டாள்.

படியேறிப் போய்ச் சந்நிதியில் நின்றேன். பட்டர் தீர்த்தம் கொடுத்தார். கையைக் குவித்ததாகத்தான் எனக்கு நினைப்பு. விரல்கள் குவியவில்லை. தீர்த்தம் அத்தனையும் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் போனது.

"கையைச் சேர்த்துப் பிடியுங்கோ" என்றார் பட்டர்.

"அவர் சேத்துத்தான் பிடிச்சிருக்காரு சாமி. கைக்குத்தான் தெரியல" என்றார் மச்சினன். பெருமாள் முன்னால் அப்படி ஒரு சிரிப்பு.

விடுவேனா? யோசித்தேன். அதிர்வு ஹேண்டிலிலிருந்து கைக்கு வருகிறது. நடுவில் மெத்தென்று ஒன்று இருந்தால் வராது. மெத்தென்ற பொருளுக்கு நான் எங்கே போக வேண்டும்? என் கூடத்தில் மலைபோல் கிடக்கிறது. இரண்டு கைப்பிடிக்கும் பேண்டேஜ் துணியைச் சுற்றினேன். ஆஸ்பத்திரியில் சுற்றுகிற மாதிரியே, ஒரு சுற்று இன்னொரு சுற்றின் பாதியில் ஏற, கடைசியில் பிளாஸ்திரி ஒட்டி. வேலை சுத்தமாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ குடிக்க நிறுத்தினேன். கடையிலிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி, எங்க விழுந்திய?"

"நான் விழலையே."

"அப்போ வண்டிக்கு மட்டும் அடியா?"

"ரெண்டு கையும் முறிஞ்சிட்டு போல" என்றார் இன்னொருவர், வண்டியைக் கரிசனமாகத் தடவிக்கொண்டே. "மாவுக்கட்டு போட்டிருக்கலாமே."

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. என் துணியின் பெருமையே எத்தனை ஈரத்தையும் உறிஞ்சும் என்பதுதான். உறிஞ்சியது. கைப்பிடி ஒவ்வொன்றும் இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்து மாதிரி ஊதிப் போய், ஆக்சிலேட்டரைத் திருகினால் தண்ணீர் வந்தது, வேகம் வரவில்லை. பெரிய கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் இப்போது முழங்கை வரைக்கும் மரத்துவிட்டது. மச்சினன் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார், சாவியை எந்தப் பையில் போட்டுக்கொள்வது என்று யோசிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அப்படியும் ஹேண்டிலை விடாமல் மலைக்குப் போய்த் திரும்பினேன்.

ஊறின கட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, அந்த வாரத்திலேயே டாக்டரிடம் போனேன். அவர் என் மணிக்கட்டைத் தட்டி, அமுக்கி, வளைத்துப் பார்த்துவிட்டு, "நரம்பு அழுந்துது. வண்டிய இறுக்கிப் பிடிக்காதீங்க. சுடச்சுட வடையப் பிடிப்பீங்கள்ல, அந்த மாதிரி பிடிங்க. குறையலேன்னா வண்டிய விட்டுருங்க" என்றார். வடை மாதிரிப் பிடித்துப் பார்த்தேன். பசிதான் வந்தது.

வண்டியை விடுவதாவது. அடுத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மச்சினனும் கூடவே வந்தார், வேடிக்கை பார்க்க. மெக்கானிக் ஹேண்டிலின் இரண்டு முனையையும் பார்த்தார். அங்கே சிவப்புக் குஞ்சம் தொங்கியது. என் முதல் சைக்கிளில் குஞ்சம் வைக்க எனக்கு வசதி இருந்ததில்லை. அதனால் இதில் வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, இந்த முனையில ரெண்டு இரும்புக் குண்டு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. குஞ்சத்துக்கு இடம் வேணும்ல? கழட்டிட்டேன். வேகமாப் போற வண்டிக்கு எதுக்கு வெட்டி எடை?"

மெக்கானிக் குஞ்சத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். மச்சினன் தொடையைத் தட்டினார். "அத்தான்! அதிர்வ அமுக்குததே அந்தக் குண்டுதான். அதைக் கழட்டிப்போட்டுட்டு ஹேண்டில் ஆடுதுன்னு ஊரெல்லாம் வைத்தியம் பாக்கிய!"

வீட்டுக்கு வந்து தேடினேன். குண்டுகள் மொட்டைமாடியில் இருந்தன. சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் காயப்போட்ட துணி காற்றில் பறக்காமலிருக்க, இரண்டு மூலையில் அவற்றை வைத்திருந்தாள் என் மனைவி.

"ஏட்டி, இது வண்டிச் சாமான்."

"வண்டிச் சாமான்னா வண்டியில இருக்கணும். அடுக்களை அலமாரியில கெடந்துச்சு, எடுத்தேன். கொண்டுபோறதா இருந்தா பதிலுக்கு ரெண்டு செங்கல் கொண்டுவந்து வச்சிட்டுப் போங்க."

செங்கல் வைத்துவிட்டுக் குண்டுகளை எடுத்துப் போய் மாட்டினேன். ஹேண்டிலில் ஓடிய மிக்ஸி நின்றுவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை மலையடிவாரம் வரை போனேன். ஆனால், இதைத்தான் மச்சினன் எல்லாரிடமும் சொல்லும்போது விட்டுவிடுகிறார், கை அப்போதும் மரத்தது. முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாக மரத்தது, அவ்வளவுதான். தீர்த்தத்தில் பாதி வாய்க்குப் போனது, பாதி சட்டைக்கு.

திரும்பி வந்து வாசலில் இறங்காமல், ஹேண்டிலில் கையை ஊன்றி, வண்டி மேலேயே குனிந்து உட்கார்ந்திருந்தேன். மனைவி பஸ்ஸில் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள்.

"இன்னும் எதைப் போட்டு இந்த அமுக்கு அமுக்குதிய?" என்றாள். "மொபெட்டுல பண்டல் கட்டிக்கிட்டுப் போனப்பவும் இதே மாதிரிதான் உக்காந்திருப்பிய."

அவள் சொன்னது உண்மை. என் வாழ்க்கையில் பாதி மொபெட்டில் போனது. பின்னால் என் தலைக்கு மேல் உயரமாகத் துணி பண்டல் கட்டியிருப்பேன். பாரம் எல்லாம் பின்னால் என்பதால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். கையை விறைப்பாக நீட்டி, உடம்பு எடை முழுக்க ஹேண்டிலில் இறக்கி, முன் சக்கரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். மொபெட் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. கை மட்டும் இன்னும் பண்டல் இருப்பதாகவே நினைத்து அமுக்குகிறது. அதிலும் இது ஏற்கெனவே குனியவைக்கிற வண்டி.

வேறு ஆளாக இருந்தால், இனி அமுக்கக்கூடாது என்று தீர்மானம் எடுத்திருப்பான். இத்தனை வருஷப் பழக்கம் தீர்மானத்துக்குக் கட்டுப்படுமா? நான் வேறு மாதிரி யோசித்தேன். பண்டல் பின்னால் இருந்ததால்தானே கை அமுக்கியது? அந்தப் பண்டலை முன்னால் கொண்டுவந்தால்?

கூடத்துக்குப் போய் ஒரு சின்ன பண்டலை எடுத்து வந்து, பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக் கட்டினேன். குனிந்தேன். என் நெஞ்சும் வயிறும் அதன் மேல் பாந்தமாக உட்கார்ந்தன. கை ஹேண்டிலில் சும்மா கிடந்தது, வடையைப் பிடித்த மாதிரி. பாரத்தை மூட்டை வாங்கிக்கொண்டது. தெருக்கோடி வரை போனேன். ஒரு எறும்பு இல்லை. சந்தோஷத்தில் வீட்டுப் பக்கம் திரும்புவதற்கு ஹேண்டிலை வளைத்தேன். வளையவில்லை. பண்டல் இரண்டு பக்கமும் இடித்து நின்றது. நேரே இளநீர்க் கடைக்குள் போய் நின்றேன். நல்லவேளை, மெதுவாகத்தான் போனேன். காய்கள் தெருவில் உருண்டன.

"அண்ணாச்சி, இளநி வேணும்னா கேட்டா வெட்டித் தருவேன்லா" என்றார் கடைக்காரர்.

என் மனைவி அந்தப் பண்டலைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒடுக்கி, நடுவில் புடைப்பாக வைத்து, மேலே ரெக்ஸின் போட்டுத் தையல் மிஷினில் தைத்துக் கொடுத்தாள். டேங்கில் ஆடாமலிருக்கப் பட்டையும் வைத்தாள். ஹேண்டில் தாராளமாக இரண்டு பக்கமும் திரும்பியது. தலையணை மாதிரி இருந்தது.

"என்னை உக்காரச் சொன்ன வண்டியில இப்ப மூட்டை உக்காந்திருக்கு" என்றாள்.

கடைசிச் சனிக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து எங்கும் நிறுத்தவில்லை. டீக்கடைக்காரர்கள் கையாட்டினார்கள், நானும் ஒரு கையை எடுத்து ஆட்டினேன். ஆட்டும்படி அந்தக் கை இருந்தது. மலையேறிப் போய்ச் சந்நிதியில் கை குவித்தேன். தீர்த்தத்தின் குளிர்ச்சி உள்ளங்கையில் தெரிந்தது. ஒரு சொட்டு கீழே விழாமல் குடித்தேன். மச்சினன் பக்கத்தில் நின்று என் சட்டையைப் பார்த்தார். காய்ந்த சட்டை.

"சரி அத்தான், சாவி உங்களுக்கே" என்றார். மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். மச்சினன் சுந்தரபாண்டியத்திலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் "எங்க அத்தான் கை மரத்துப்போனதை நான்தான் குண்டு மாட்டிச் சரிபண்ணேன்" என்று சொல்லித் திரிகிறார். மெக்கானிக் என் வண்டியில் பார்த்த மூட்டையை அப்படியே நகல் எடுத்து, டேங்க் மெத்தை என்று பெயர் வைத்து, வருகிற இளவட்டங்களுக்கெல்லாம் மாட்டுகிறார். யாருடைய யோசனை என்று அவர்கள் கேட்டால், "நம்ம கடையிலதான் செய்யுதோம்" என்கிறார். கேட்ட கேள்விக்கு அது பதிலா? என் மனைவியோ, பார்த்துச் சொன்னதும் தானே, தைத்ததும் தானே, அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள்.

மிச்சம் இருக்கிறது. குண்டு மாட்டச் சொன்னது மச்சினன், கொடுத்துவிடுகிறேன். கண்டு சொன்னதும் தைத்ததும் மனைவி, அதையும் கொடுத்துவிடுகிறேன். பின்னால் இருந்த பண்டலை முன்னால் கொண்டுவந்து வைத்தது யார்? நான். மெக்கானிக் தன் கடைச் சுவரில் அந்த மெத்தைகளைத் தொங்கவிட்டிருக்கிற இடத்துக்கு மேலே, ரோட்டிலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்தில், இது பேண்டேஜ் கூடத்து அண்ணாச்சியின் யோசனை என்று எழுத வேண்டும். பெயிண்டரை நானே கூட்டி வருகிறேன். எழுதியாக வேண்டும்.