முத்துப்போல் மினுங்கும் கல்

செல்விக்கும் மணிக்கும் அப்பா எழுதுவது.

புனேக்கு வெளியே, வாகோலி கல்குவாரிக்கு எதிரில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் சாக்கு விரித்து, பாறைப் பொந்துகளில் கிடைத்த கற்களை ஒரு குவாரித் தொழிலாளி பரப்பியிருக்கிறார். சேலத்துக்காரர், பெயர் மாதையன்.

"தமிழாங்க? ஒக்காருங்க, இங்க கல்லுதான் நாற்காலி."

பிள்ளைகளே, எல்லாக் கல்லும் வெளிச்சத்தை ஒரே மாதிரி திருப்பித் தருவதில்லை. ஒன்று கண்ணாடிபோலப் பளீரென்கிறது. இன்னொன்று மண்கட்டிபோல மங்கிக் கிடக்கிறது. இளஞ்சிவப்புக் கல் ஒன்றை மட்டும் அவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறார். சாய்த்தால் அதன் ஒரு பக்கம் முத்துப்போல் மினுங்குமாம்.

"வெடி வச்சப்போ கல்லுப்பொடி கண்ணுல அடிச்சிருச்சுங்க. அதுலருந்து தினமும் இதைப் பாத்துட்டுத்தான் குவாரிக்குள்ள எறங்குறேன். இந்த மினுக்கம் தெரியலன்னா வேலைய விட்டுரணும். கண்ணு மங்குனவன் பாறைக்கடியில நின்னா, கூட நிக்கிறவனுக்கும் ஆபத்து."

ஈரத்துணியால் கல்லைத் துடைத்து என்னிடம் நீட்டுகிறார்.

"நாலு நாளா மங்கலா இருக்கு. அழுக்கு ஏறிப்போச்சான்னு பாருங்க."

வெயிலில் சாய்த்துப் பார்க்கிறேன். முத்தின் மினுக்கம் அப்படியே இருக்கிறது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்லா மினுங்குதுண்ணே."

அவர் குவாரிப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் விசில் அடிக்கிறார். கல்லை நீட்டுகிறேன், அவர் வாங்கவில்லை.

"புள்ளைங்களுக்குக் கொண்டு போங்க. அவுங்க கண்ணுக்கு இந்த மினுக்கம் தெரியும்."