தாயின் தொழில்

என் மகளின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. தந்தையின் வருமானச் சான்று இல்லையாம். எங்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் நடத்துகிற ஆளிடம் போய் எந்தச் சான்றைக் கேட்பது? எடப்பாடியில் விசைத்தறி ஓட்டி அவளைப் படிக்கவைப்பது நான்.

திருத்துவதற்காக, அதை நிரப்பிக்கொடுத்த கணினி மையத்துக்கு இருவரும் போனோம். திரையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தந்தை நெசவாளர். தாய் இல்லத்தரசி, வருமானம் இல்லை.

"ஏனுங்க, நாளெல்லாம் தறியில நிக்கறவளுக்கு வருமானம் இல்லைன்னு எப்படிங்க போட்டீங்க?" என்று அங்கிருந்தவரிடம் கத்தினேன்.

அவர் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "அவரைத் திட்டாதம்மா. நாந்தான் அப்படிச் சொன்னேன். தறி அப்பா பேர்லதான ஓடுது?"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அவளை என்ன சொல்வது? கூலி நாளன்று முதலாளி வீட்டில், ஓடிப்போன கணவன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் எழுந்து போய் வாங்கிக்கொள்வேன். சின்ன வயதிலிருந்து என்னோடு வந்து அதைப் பார்த்தவள்தானே.

"தறி ஓட்டறேன்னு போடுங்க. என் வருமானத்தைப் போடுங்க" என்றேன். திருத்தினார்.

அந்த வாரம் கூலிக்குப் போனபோதும் அதே பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, காது கேக்கலையா?" என்றார் முதலாளி.

"அந்த ஆளு இங்க இல்லீங்க. தறி ஓட்டினவ பேரைக் கூப்புடுங்க, வாரேன்."

அவர் விழித்தார். இத்தனை வருடமாக அவருக்கு நெய்து கொடுத்தவளின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.